வீட்டுப் பெரியவர்களுக்குக் கொவிட் வந்தால் எப்படித் தெரியும்?

கொரோனா என்றதும் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2020 இல் கொழும்பில் வங்கி வாசல், கோயில் வாசல், சுப்பர் மார்க்கெட் வாசல் என்று எங்கே போனாலும் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்து எங்களைப் பழக்கிவிட்டார்கள். காய்ச்சல் இல்லையென்றால் உள்ளே போகலாம். காய்ச்சல் இல்லையென்றால் கொரோனாவும் இல்லை. இளவயதுக்காரருக்கே இந்தக் கணக்கு முழுக்கச் சரிவராது. 70, 80 வயதைத் தாண்டியவர்களிடம் அது மோசமாகப் பிழைத்துப்போகிறது, நோய் இருப்பதையே காட்டாமல் விடுகிறது.

அவர்களுக்கு நோய் வேறு விதமாகத் தொடங்கலாம். நேற்றுவரை ஒழுங்காகச் சாப்பிட்டவர் இடியப்பத்தில் ஒரு துண்டைப் பிய்த்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பார். குளியலறைக்குப் போகும் வழியில் தடுமாறி விழுவார். பகல் முழுக்க நித்திரை. இரவில் எழும்பி உட்கார்ந்து, எப்போதோ செத்துப்போன தம்பியார் வந்திருக்கிறார், அவருக்குத் தேத்தண்ணி போடுங்கோ என்பார். வீட்டில் உள்ளவர்கள் "வயசு போகுதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள். அந்த இரண்டு மூன்று நாளை எப்படி மிச்சம் பிடிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"இன்னுமா கொரோனா?" என்று கேட்கலாம். உலக சுகாதார அமைப்பு 2020 ஜனவரி 30 இல் அறிவித்த அவசரநிலையை 2023 மே 5 இல் முடித்துக்கொண்டது உண்மை. ஆனால் முடிந்தது அவசரநிலைதான். வைரஸ் எங்கும் போய்விடவில்லை. இலங்கையில் முதல் நோயாளி, சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி, 2020 ஜனவரி 27 இல் அடையாளம் காணப்பட்டு அங்கொடை ஐ.டி.எச். வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுக் குணமாகிப் போனார். அதன் பிறகு இந்நாட்டில் 16,000 பேருக்கு மேல் கொவிட்டால் இறந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் 60 வயதைக் கடந்தவர்கள். இன்று வேலைக்குப் போகும் பேரனுக்கு அது இரண்டு நாள் தடிமன். அதே தடிமன் அறைக்கு அறை நகர்ந்து அம்மம்மாவிடம் போகும்போதுதான் கதை மாறுகிறது.

வயதான உடம்பில் என்ன நடக்கிறது

வைரஸ் உள்ளே நுழைந்ததும் உடம்பு முதலில் ஒரு பொது எச்சரிக்கை கொடுக்கும். இன்டர்பெரோன் என்ற புரதங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. பக்கத்துக் கலங்களுக்குத் தகவல் சொல்லி, வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. வயது போகப் போக இந்த எச்சரிக்கை பிந்துகிறது. 70 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 4 வீதத்தினரின் இரத்தத்தில், தங்கள் சொந்த இன்டர்பெரோனையே முடக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன என்று 2021 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அவர்களுக்கே அது தெரியாது. வேறு எந்தத் தொல்லையும் அது தந்திருக்காது. கொவிட்டால் இறந்தவர்களைப் பார்த்தபோது ஐந்தில் ஒருவர் அளவுக்கு அந்தப் புரதங்கள் இருந்தன.

எச்சரிக்கை பிந்தினால் வைரஸுக்கு நேரம் கிடைக்கிறது. பிறகு உடம்பு விழித்துக்கொண்டு, பிந்தியதை ஈடுகட்டுவதுபோல அளவுக்கு மீறி அழற்சியைக் கிளப்புகிறது. நுரையீரல் வீங்குகிறது, இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. பல பேரை வீழ்த்துவது இந்த இரண்டாவது கட்டம்தான். தொற்றி ஒரு வாரம் அளவில், "இப்போ கொஞ்சம் சுகம்" என்று நினைத்திருக்கும் வேளையில் அது வரும்.

அடுத்தது கையிருப்பு. கொழும்பில் மாடிவீடுகளில் இருப்பவர்களுக்குக் கூரைத் தாங்கி தெரியும். குழாயில் தண்ணீர் வரும் நாட்களில் தாங்கி நிறைந்திருக்கிறதா, கால்வாசிதான் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நீர்வெட்டு நாளில்தான் வித்தியாசம் தெரியும். இருதயம், சிறுநீரகம், தசை, மூளை எல்லாவற்றிலும் வயதானவர்களின் கையிருப்பு குறைந்துபோயிருக்கும். சாதாரண நாளில் அது வெளியே தெரியாது. ஒரு தொற்று வந்ததும் முதலில் எந்த உறுப்பின் தாங்கி வற்றுகிறதோ அங்கே அறிகுறி தெரிகிறது. மூளையில் வற்றினால் குழப்பம், தசையில் என்றால் விழுதல். நோய் இருப்பதோ நுரையீரலில். இதனால்தான் நாங்கள் ஏமாறுகிறோம்.

பிறந்த வருடத்தை மட்டும் பார்த்து ஒருவரின் கையிருப்பைச் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 82 வயதில் காலையில் காலி முகத்திடலில் நடந்துவிட்டு வருபவரும் இருக்கிறார். 66 வயதில் கட்டிலிலிருந்து எழும்ப ஆள் தேவைப்படுபவரும் இருக்கிறார். பிரித்தானியாவில் 10, இத்தாலியில் 1 என்று 11 வைத்தியசாலைகளில் 1,564 கொவிட் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020 இல் வெளியானது. வயதையோ கூட இருக்கும் மற்ற நோய்களையோ விட, உடம்பு எவ்வளவு நலிந்திருந்தது என்பதுதான் அவர்களுக்கு என்ன ஆகும் என்பதை நன்றாகக் காட்டியது. இந்த நலிவை அளக்கக் கனடாவில் உருவாக்கிய 1 முதல் 9 வரையான ஓர் அளவுகோலை வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். நல்ல திடகாத்திரமானவருக்கு 1, வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு 9. இரண்டு வாரத்துக்கு முன்னர் இவர் எப்படி இருந்தார் என்பதை வைத்துத்தான் அந்த எண்ணைப் போட வேண்டும். வார்ட்டில் சுருண்டு கிடப்பவரைப் பார்த்து அதைக் கணிக்க முடியாது. வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் எங்கே போனது?

முதியவர்களின் இயல்பான உடல் வெப்பமே சற்றுக் குறைவு. வழக்கமாக 36 இல் இருப்பவருக்கு 37.3 என்பது ஏற்றம்தான். ஆனால் 38 வரவில்லையே என்று வெப்பமானியைத் துடைத்து வைத்துவிடுகிறோம். முதியோரில் 37.8 பாகையையே, அல்லது அவரவரின் வழக்கமான அளவிலிருந்து 1.1 பாகை கூடுவதையே காய்ச்சலாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் பனடோல் வேறு. முழங்கால் வலிக்கு என்று நாளுக்கு மூன்று தடவை பனடோல் போடுபவருக்குக் காய்ச்சல் எப்படித் தெரியும்? அதுவே அதை அமுக்கிக்கொண்டிருக்குமே. கொத்தமல்லி அவித்துக் கொடுப்பதில் தவறில்லை, தொண்டைக்கு இதமாக இருக்கும். அதைக் குடித்ததும் "குறைஞ்சிட்டுது" என்று தீர்மானிப்பதுதான் ஆபத்து.

காய்ச்சலைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது திடீர்க் குழப்பம். வைத்தியர்கள் இதை டெலிரியம் என்பார்கள். அமெரிக்காவில் 7 வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த, 65 வயதும் அதற்கு மேலுமான 817 கொவிட் நோயாளிகளைப் பார்த்தார்கள். வரும்போதே 28 வீதத்தினருக்கு டெலிரியம் இருந்தது. அப்படிக் குழம்பி வந்தவர்களில் 37 வீதத்தினருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறிகள் எதுவுமே இல்லை. இந்த எண்ணை ஒரு தடவை நிறுத்தி யோசித்துப் பாருங்கள். வாசலில் வெப்பமானியோடு நின்றிருந்தால் இவர்களில் எத்தனையோ பேரை உள்ளே அனுப்பியிருப்போம்.

மறதி நோயையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். டெலிரியம் மணித்தியாலங்களில், ஓரிரு நாளில் வரும். காலையில் தெளிவு, பின்னேரம் குழப்பம் என்று ஏறி இறங்கும். கத்தி, ஊசிக் குழாயைப் பிடுங்கி, கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பது ஒரு வகை. அது எல்லோர் கண்ணிலும் படும். மற்ற வகை அமைதியாக இருக்கும்: கூப்பிட்டால் கண்ணைத் திறந்து "ஓம்" என்பார், திரும்பவும் கண்ணை மூடிவிடுவார். சத்தமில்லாததால் நல்லாகத் தூங்குகிறார் என்று நினைத்துவிடுவோம். முதியவர்களில் இந்த அமைதியான வகை நிறையவே வருகிறது, கவனிக்காமல் விடப்படுவதும் இதுதான்.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுவிட்டு, காது கேட்கும்படி, "அம்மம்மா, கிழமை நாளை ஞாயிறிலிருந்து பின்னுக்குச் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன் என்று மெதுவாகவேனும் போனால் கவனம் நிற்கிறது. சனி என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டால், அல்லது என்ன கேட்டீர்கள் என்பதே நழுவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால், போன கிழமை இதைச் சொல்லியிருக்கக்கூடியவர்தானா என்று யோசியுங்கள். வைத்தியர்கள் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். இரண்டும் கவனத்தைத்தான் சோதிக்கின்றன. ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கு இந்தச் சோதனை உதவாது. அவரிடம் வழக்கத்துக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் பாருங்கள்.

சரி, வித்தியாசம் தெரிகிறது. அப்புறம் மூச்சு. விரலில் மாட்டி இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று பார்க்கும் ஒட்சிமீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டதும் வரும் முதல் எண்ணை நம்பக் கூடாது. கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலாகப் பாருங்கள், எண் ஆடாமல் நிற்கும்வரை ஒரு நிமிடமாவது விட்டுவையுங்கள். 94 இற்குக் கீழே போனால் வைத்தியரிடம் பேச வேண்டும், 90 இற்குக் கீழே என்றால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. நீண்டகாலச் சுவாச நோய் உள்ளவர்களுக்கு மட்டும் வழக்கமான எண்ணே இதைவிடக் குறைவாக இருக்கலாம். இன்னொன்று எங்களுக்கென்றே சொல்ல வேண்டியது. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். அமெரிக்க ஆய்வொன்றில், கருவி நல்ல எண்ணைக் காட்டியும் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருந்த நிலை, வெள்ளை இனத்தவரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. ஆகவே எங்கள் வீட்டுப் பெரியவருக்கு 94, 95 என்று வந்தால் நிம்மதியாகப் படுத்துவிட முடியாது.

கருவியே இல்லாவிட்டாலும் மூச்சை எண்ணலாம். அவருக்குத் தெரியாமல், நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சும்மா இருக்கும்போது 12 முதல் 20 வரை வழமை. 24 ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், 30 ஐத் தாண்டினால் கடுமையான நிலை. கொவிட்டில் ஒட்சிசன் குறைந்தும் நோயாளிக்கு மூச்சு முட்டுவதாகத் தோன்றாமல் இருப்பதுண்டு. "எனக்கு ஒண்டும் இல்ல, என்னை விடுங்கோ" என்று அவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வார்ட்டுக்குப் போகும்போது

2020, 2021 இல் எத்தனையோ பேர் பிந்தித்தான் போனார்கள். காரணம் அறியாமை மட்டும் இல்லை, பயம். தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு ஏற்றிவிடுவார்கள், தனியே கிடந்து சாக வேண்டிவரும் என்ற பயம். கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் வந்து 2021 பெப்ரவரி வரை இருந்தது. அதனால் முஸ்லிம் குடும்பங்கள் பட்ட வேதனை கொஞ்சமில்லை. பெரியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்கே தயங்க வைத்த விதி அது. அந்த விதி போய்விட்டது. பயத்தின் மிச்சம் மட்டும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இப்போது பிந்துவதற்கு ஒரு காரணமும் இல்லை. 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

போகும்போது கிளினிக் கொப்பி, போடுகிற மருந்துகள் அத்தனையும், கண்ணாடி, காது கேட்கும் கருவி, பொய்ப்பல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். துலைந்துபோகும் என்று கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். மங்கலாகத் தெரியும் முகங்கள், அதிலும் மாஸ்க் போட்ட முகங்கள், புரியாத சத்தங்கள். இப்படி ஓர் இடத்தில் யாருக்குத்தான் குழப்பம் வராது?

கொழும்பில் தமிழ்ப் பெரியவர்களுக்கு இதோடு மொழியும் சேர்கிறது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்நாள் முழுக்கத் தமிழிலேயே காலம் கழித்த ஒருவர், தாதிமார் பெரும்பாலும் சிங்களத்தில் கதைக்கும் வார்ட்டில் படுத்திருக்கிறார். கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லையென்றால், மொழி விளங்கவில்லை என்று தாதி நினைப்பது இயல்பு. அது டெலிரியமாக இருக்கலாம் என்று தோன்றாது. அதனால் சேர்க்கும்போதே வைத்தியரிடமும் தாதியிடமும் ஒரு வசனத்தை அழுத்திச் சொல்லுங்கள்: அம்மா வழக்கமாக இப்படி இல்லை, இந்த நாளிலிருந்துதான் இப்படி. சிங்களம் தெரியாதவர்கள் "அம்மா வெனதா மெஹெம நே" என்று சொன்னாலே போதும். தண்ணீர், சலம், நோகுது, குளிருது போன்ற சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவிடுங்கள். அவர் என்ன கேட்கிறார் என்று தாதிக்கும் பிடிபடும்.

கொவிட்டுக்காக இல்லாமல் வேறு எதற்காகவோ, இடுப்பெலும்பு முறிந்தோ சிறுநீரகக் கோளாறுக்கோ சேர்க்கப்பட்டவருக்கு வார்ட்டிலேயே தொற்றுவதும் உண்டு. சேர்த்து 8 ஆம் நாளுக்குப் பிறகு கொவிட் தெரியவந்தால் அது அங்கே தொற்றியிருக்கக் கூடும். 15 ஆம் நாளுக்குப் பிறகென்றால் அங்கேதான் தொற்றியது என்று கணக்கெடுப்பார்கள். மேலே சொன்ன 11 வைத்தியசாலை ஆய்வில் எட்டில் ஒருவர் அளவுக்கு இப்படித் தொற்றியவர்கள். ஆகவே தடிமனோடு பார்க்கப் போகாதீர்கள். போக முடிந்தவர்கள் நல்ல மாஸ்க் போட்டு, ஒருவர் இருவராகப் போங்கள். பத்துப் பேராகக் கட்டிலைச் சுற்றி நிற்பது பாசம்தான், ஆனால் பக்கத்துக் கட்டிலிலும் யாரோ ஒருவருடைய அப்பா படுத்திருக்கிறார்.

சிகிச்சையில் முதலாவது ஒட்சிசன். அடுத்து டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீரோயிட், அதாவது அழற்சியை அடக்கும் மருந்து. 2020 ஜூனில் பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வு இதன் பலனைக் காட்டியது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 41.4 வீதத்திலிருந்து 29.3 ஆகவும், ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களில் 26.2 இலிருந்து 23.3 ஆகவும் குறைந்தனர். ஒட்சிசனே தேவைப்படாதவர்களுக்கோ ஒரு பயனும் இல்லை. கெடுதியாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம்தான் மிஞ்சியது. யாரோ சொன்னார்கள் என்று பார்மசியில் ஸ்டீரோயிட் வாங்கி வீட்டில் கொடுப்பது இதனால்தான் கூடாது. இந்த மருந்து சீனியையும் ஏற்றும். சலரோகம் உள்ளவருக்கு வார்ட்டில் திடீரென்று இன்சுலின் போட்டால் பயப்பட வேண்டாம். வயிற்றுத் தோலில் போடும் சிறிய ஊசி பெரும்பாலும் இரத்தம் கட்டிபடாமல் தடுக்க.

வைத்தியசாலையில் நடக்கும் இன்னொரு இழப்பை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அது கட்டில். நோயே இல்லாத முதியவர்களை 10 நாள் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007 இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. கொவிட்டோடு படுத்தவருக்கு இதைவிட வேகமாகப் போகும். வைத்தியர் சம்மதித்ததும் கட்டில் விளிம்பில் உட்கார வையுங்கள், அடுத்த நாள் கதிரையில், அதற்கடுத்த நாள் இரண்டு அடி நடை. சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்தபடி கஞ்சி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய் இரண்டாவது நிமோனியாவைக் கொண்டுவரும். வயதானால் தாகமும் குறையும் என்பதால், கேட்கட்டும் என்று காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். நீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட இருதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நேரம் கிடைக்கும்போதெல்லாம் கதையுங்கள். இன்றைக்கு என்ன கிழமை, மழை பெய்கிறது, சின்னவனுக்குச் சோதனை முடிந்துவிட்டது என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். டெலிரியத்துக்கு இதுவும் சிகிச்சைதான். பார்க்க விடாவிட்டால் தொலைபேசியில் சொல்லலாம். இரவில் நித்திரையைக் கெடுக்காமல், பகலில் வெளிச்சத்தில் விழித்திருக்க வைப்பதும் அப்படியே. தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், அது குழப்பத்தைக் கூட்டும்.

நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைப் பிரிவா, செயற்கைச் சுவாசமா என்ற கேள்வி வரும். நலிந்துபோன உடம்புக்கு அந்தக் கருவி எப்போதும் நன்மை செய்யாது. அப்பாவுக்கு எது முக்கியம், எதை அவர் விரும்பமாட்டார் என்று அவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள். கேட்பதால் துர்ச்சகுனம் ஒன்றும் வந்துவிடாது. கேட்காமல் விட்ட பிள்ளைகள்தான் பிறகு ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் நோய் முடிந்துவிட்டதாகக் கணக்கு முடிக்காதீர்கள். குழப்பம் முழுதாகத் தெளிய வாரங்கள் எடுக்கலாம், சிலருக்கு மாதங்கள். நடை, பசி, நிறை மூன்றையும் கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள். முட்டை, மீன், பருப்பு என்று புரதம் ஒவ்வொரு நேரமும் கொஞ்சமாவது இருக்கட்டும். ஸ்டீரோயிட் கொடுத்திருந்தால் சீனியைத் திரும்பப் பாருங்கள். வார்ட்டில் தொடங்கிய மருந்துகளில் எதை நிறுத்த வேண்டும், பழையவற்றில் எதைத் தொடர வேண்டும் என்று அடுத்த கிளினிக்கில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பழைய பிரஷர் மாத்திரையும் புதியதும் சேர்ந்து போய், எழும்பி நிற்கும்போது தலைசுற்றி விழுபவர்கள் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி நோகுமானால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

தடுப்பூசி 2021 ஜனவரி 29 இல் இலங்கையில் போடத் தொடங்கினார்கள். அப்போது போட்டதன் பாதுகாப்பு இன்றைக்கு அப்படியே இருக்காது. முதியவர்களுக்குக் கடைசி ஊசியிலிருந்து 6 அல்லது 12 மாத இடைவெளியில் இன்னொன்று என்று உலக சுகாதார அமைப்பு 2023 இல் பரிந்துரைத்தது. இங்கே இப்போது எது கிடைக்கிறது, உங்கள் பெரியவருக்கு எது பொருந்தும் என்பதைக் கிளினிக் வைத்தியரிடமோ உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டுக்கொள்ளுங்கள். இன்புளுவென்சா ஊசியைப் பற்றியும் அதே மூச்சில் கேளுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது தடிமன் என்றால், அது என்ன தடிமன் என்று தெரியும்வரை அவர்கள் வேறு அறையில் சாப்பிடட்டும். பெரியவரின் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.